ஓசையின்றி நடந்த நிறுவல்: 2023 மார்ச் 8 டேட்டாடாக் முடக்கம் குறித்த நிகழ்வு ஆய்வு

2023 மார்ச் 8ஆம் தேதி, உலகப் பொது நேரப்படி காலை ஆறு மணி கடந்த சில நிமிடங்களில், நியூயார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட டேட்டாடாக் நிறுவனத்தின் சர்வர்கள் வலையமைப்பிலிருந்து விலகத் தொடங்கின. அப்போது நியூயார்க்கில் நள்ளிரவு கடந்து ஒரு மணி. இந்தியாவில் முற்பகல் பதினொன்றரை. ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் பல்லாயிரக்கணக்கான மெய்நிகர் இயந்திரங்கள் (மென்பொருளால் உருவான சர்வர்கள்) தொடர்பிழந்தன. பிறருடைய சர்வர்களைக் கண்காணித்துத் தருவதே அந்நிறுவனத்தின் தொழில் என்பதால், அதன் வாடிக்கையாளர்கள் தத்தம் அமைப்புகளின் நிலையைப் பார்க்கும் திரைகளையும் எச்சரிக்கைகளையும் அதே வேளையில் இழந்தார்கள். சேவைகள் படிப்படியாகத் திரும்ப மறுநாள் வரை ஆயிற்று. இதனால் சுமார் 50 லட்சம் டாலர் வருவாய் குறைந்ததாக நிறுவனம் பின்னர் முதலீட்டாளர்களிடம் தெரிவித்தது.

அன்று தாக்குதல் எதுவும் நடக்கவில்லை. நிறுவனத்தின் பொறியாளர்கள் புதிய பதிப்பு எதையும் வெளியிடவில்லை. லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டு இயங்கிய அந்த இயந்திரங்கள், வெளியாகியிருந்த ஒரு பாதுகாப்புத் திருத்தத்தைத் தாமாகவே இறக்கி, தாமாகவே நிறுவிக்கொண்டன. நிறுவல் பிழையின்றி முடிந்தது. கோளாறு அதன் பிறகுதான் தொடங்கியது.

லினக்ஸில் பொதிகளை, அதாவது நிறுவுவதற்காகக் கட்டித் தரப்படும் மென்பொருள் தொகுப்புகளை, பின்னணியில் நிறுவும் முறை எப்படி இயங்குகிறது என்பதையும் அந்நிறுவனம் வெளியிட்ட விளக்கத்தையும் சேர்த்துவைத்து இந்த நிகழ்வை இங்கே ஆராய்கிறேன். என் வாதம் ஒன்றே. பின்னணி நிறுவல் என்று நாம் சொல்வதில் இரண்டு நிகழ்வுகள் உள்ளன: வட்டில் கோப்புகள் மாறுவது ஒன்று, ஓடிக்கொண்டிருக்கும் சேவை மறுதொடக்கம் பெறுவது மற்றொன்று. முதல் நிகழ்வை ஆளில்லாமல் நடக்க விடலாம். இரண்டாவது எங்கே, எந்த வரிசையில், எத்தனை இயந்திரங்களில் ஒரே நேரத்தில் நடக்கும் என்பதை அமைப்பை நடத்துபவர் முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும்.

பின்னணியில் நடப்பது

சேவைகளைத் தொடங்கி நடத்தும் அடிப்படை நிரல் சிஸ்டம்டி. உபுண்டு சர்வரில், குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கும் இரண்டு சிஸ்டம்டி டைமர்கள் இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும். 'ஆப்ட்-டெய்லி' என்பது பொதிப் பட்டியலைப் புதுப்பித்து, தேவையான பொதிகளை இறக்கி வைக்கிறது. அது காலை ஆறு, மாலை ஆறு என இரு நேரங்களை அடிப்படையாகக் கொண்டு, அதற்கு மேல் பன்னிரண்டு மணி நேரம் வரையிலான தற்செயல் தாமதத்துடன் ஓடும். இறக்கும் சர்வர்கள் மீது சுமை ஒரே நேரத்தில் விழாமலிருக்கவே இவ்வளவு நீண்ட தாமதம். இரண்டாவதான 'ஆப்ட்-டெய்லி-அப்கிரேட்' தான் நிறுவலைச் செய்வது. அதன் டைமர் கோப்பைத் திறந்து பார்த்தால் காலை ஆறு மணி என்ற ஒரு வரியும், தற்செயல் தாமதம் அறுபது நிமிடம் என்ற இன்னொரு வரியும் இருக்கும். உலகெங்கும் சர்வர்களின் கடிகாரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் வைக்கப்படுவதால், இந்த அமைவைத் தொடாமல் விட்ட சர்வர்கள் அனைத்தும் ஆறிலிருந்து ஏழு மணிக்குள் தம்மைப் புதுப்பித்துக்கொள்கின்றன.

உண்மையான வேலையைச் செய்வது 'அனட்டெண்டட்-அப்கிரேட்ஸ்' என்ற நிரல். எந்த மூலங்களிலிருந்து வரும் பொதிகளை ஏற்கலாம் என்பது அதன் அமைவுக் கோப்பில் எழுதப்பட்டிருக்கும். இயல்பு அமைவில் பாதுகாப்புத் திருத்தங்களுக்கு அனுமதி உண்டு, பொதுவான புதுப்பிப்புகளுக்கு இல்லை. இந்த நிரல் கவனத்துடன் எழுதப்பட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். நிர்வாகி கைப்பட மாற்றிய அமைவுக் கோப்பு ஒன்றை ஒரு பொதி மாற்ற முனைந்து, அதனால் திரையில் கேள்வி எழும் என்று தெரிந்தால், அந்தப் பொதியை இது தொடாமல் விட்டுவிடும். என்ன செய்தது என்பதைத் தனிப் பதிவுக் கோப்பில் எழுதி வைக்கும். இயங்குதளத்தின் மையமான கெர்னல் மாறினாலும் இயந்திரத்தைத் தானாக அணைத்து எழுப்பாது. அதற்கான வரி இயல்பில் 'இல்லை' என்றே இருக்கும்.

நாமே எழுதும் ஸ்கிரிப்டுகளில் அமைதியான நிறுவலுக்கு வேறு சில பழக்கங்கள் உண்டு. பொதிகளை இறக்கி நிறுவும் 'ஆப்ட்-கெட்' கட்டளைக்கு ஆம் என்ற விடையை முன்பே தருவது, அமைவு விவரங்களைக் கேட்கும் டெப்கான்ஃப் நிரல் கேள்வி கேட்காதபடி அதன் முகப்பை 'நான்இன்டராக்டிவ்' என்று சூழல் மாறியில் வைப்பது, பழைய அமைவுக் கோப்பையே வைத்துக்கொள்ளுமாறு, பொதியைப் பிரித்து நிறுவும் டிபிகேஜிக்குச் சொல்வது ஆகியவை அவை. நேர மண்டலம் எது என்று 'டிஇசட்டேட்டா' பொதி கேட்டு டாக்கர் பில்ட் (கன்டெய்னர் படிமத்தை உருவாக்கும் வேலை) அசையாமல் நின்றுபோவதைப் பார்த்தவர்களுக்கு இரண்டாவதன் அருமை தெரியும். உபுண்டு 22.04இல், எந்தச் சேவைகளை மறுதொடக்கம் செய்வது என்று கேட்டு 'நீட்ரீஸ்டார்ட்' எழுப்பும் நீலத் திரையும் பல ஸ்கிரிப்டுகளை இப்படி நிறுத்தியதுண்டு. தொலைவிலிருந்து உள்நுழையும் எஸ்எஸ்ஹெச் இணைப்பு நடுவில் அறுந்தால் டிபிகேஜி பாதியில் நின்றுவிடும் என்பதால், நீண்ட நிறுவலை 'சிஸ்டம்டி-ரன்' மூலம் தனிச் சேவையாக ஓட்டுவது நல்லது. இவையெல்லாம் கேள்விகளை அடக்கும் வழிகள். கேள்விகள் அடங்கியதாலேயே விளைவுகளும் அடங்கிவிடும் என்ற எண்ணம் வந்துவிடுவதுதான் சிக்கல்.

ஒரு டெபியன் பொதி (உபுண்டுவும் பயன்படுத்தும் வகை) நிறுவப்படும்போது கோப்புகள் பிரித்து வைக்கப்பட்ட பின், அந்தப் பொதிக்குள்ளேயே இருக்கும் 'போஸ்ட்இன்ஸ்ட்' என்ற ஸ்கிரிப்ட் ரூட் எனும் முழு நிர்வாகி அதிகாரத்துடன் ஓடுகிறது. பயனர்க் கணக்கு உருவாக்குவது, கோப்பு உரிமைகளைச் சரிசெய்வது போன்றவற்றோடு, சேவையை மறுதொடக்கம் செய்வதும் அதன் வேலையே. பின்னணி நிறுவல் வெற்றி என்று பதிவுக் கோப்பு சொல்லும்போது, அந்த ஸ்கிரிப்ட் பிழையில்லை என்று பொருள்படும் சுழியக் குறியீட்டுடன் முடிந்தது என்பது மட்டுமே உறுதி. மறுதொடக்கம் பெற்ற சேவை என்ன செய்தது என்பதை ஆப்ட் பார்ப்பதில்லை. பார்ப்பது அதன் பொறுப்புமன்று.

அன்று நடந்தது

மார்ச் 7ஆம் தேதி உபுண்டு, சிஸ்டம்டிக்கான பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிட்டது. 'சிஸ்டம்டி-கோர்டம்ப்' உள்ளிட்ட கூறுகளில் கண்டறியப்பட்ட குறைகளுக்கானவை அவை. வலையமைப்பின் நடத்தையில் அத்திருத்தங்கள் எதையும் மாற்றவில்லை. ஆனால் சிஸ்டம்டி பொதி புதுப்பிக்கப்படும்போது, அதன் குடும்பத்தைச் சேர்ந்த வலையமைப்புச் சேவையான 'சிஸ்டம்டி-நெட்வொர்க்டி'யும் மறுதொடக்கம் பெறுகிறது. மறுநாள் காலை ஆறு மணிக்குத் திறந்த நேரச் சாளரத்தில், ஒவ்வோர் இயந்திரமாக, அது நடந்தது.

டேட்டாடாக் தன் பணிகளைக் கன்டெய்னர்களாக (தனித்தனி உறைகளில் ஓடும் நிரல்களாக), அவற்றைப் பல இயந்திரங்களில் பகிர்ந்து நடத்தும் குபெர்நெட்டிஸ் மீது ஓட்டுகிறது. கன்டெய்னர்களுக்கிடையேயான தொடர்பை ஏற்படுத்துவது சிலியம் என்ற வலையமைப்புச் செருகி. சிலியம் ஒவ்வோர் இயந்திரத்திலும் தனக்கு வேண்டிய ரூட்டிங் விதிகளை, அதாவது தரவு எவ்வழியே செல்ல வேண்டும் என்பவற்றை, கெர்னலில் எழுதிவைக்கிறது. உபுண்டு 22.04இல் உள்ள சிஸ்டம்டி 249ஆம் பதிப்பைச் சேர்ந்தது. அதன் நெட்வொர்க்டி, தான் தொடங்கும் வேளையில், தனக்குத் தெரியாத ரூட்டிங் விதிகளைக் கண்டால் அவற்றை அந்நியமானவை என்று கருதி அழித்துவிடும். ஆறு மணிக்கு மறுதொடக்கம் பெற்ற நெட்வொர்க்டி அதைத்தான் செய்தது. சிலியம் எழுதியவை அழிந்தன. இயந்திரம் உயிரோடு இருந்தும் எவருடனும் பேச முடியாததாயிற்று.

தொடர்பிழந்தவற்றுள் குபெர்நெட்டிஸின் கட்டுப்பாட்டுத் தளத்தைத் தாங்கிய இயந்திரங்களும் இருந்தன. சாதாரண நாளில் சில இயந்திரங்கள் விழுந்தால், கட்டுப்பாட்டுத் தளம் அவற்றின் பணிகளை வேறிடத்துக்கு மாற்றிவிடும். இங்கே மாற்ற வேண்டிய கையே கட்டுண்டு கிடந்தது. புதிய பணிகளை ஏற்றவோ, பழுதானவற்றைத் தானாகச் சீர்செய்யவோ, இயந்திர எண்ணிக்கையைக் கூட்டவோ இயலவில்லை. கிளவுட் நிறுவனங்களின் தானியங்கி வசதிகளும் ஒன்றுபோல நடந்துகொள்ளவில்லை. ஓரிடத்தில் இயந்திரங்கள் அப்படியே இருந்ததால் அவற்றை மறுபடி எழுப்பினால் போதுமாக இருந்தது, தரவும் வட்டில் இருந்தது. இன்னோரிடத்தில் பதிலளிக்காத இயந்திரங்கள் பழுதானவையாகக் கருதப்பட்டு அகற்றப்பட்டுப் புதியவை வைக்கப்பட்டதால், உள்வட்டுத் தரவையும் இழந்து மீட்பு நீண்டது.

சோதனைகளில் ஏன் தெரியவில்லை

இந்த நிகழ்வில் நான் மிக முக்கியமாகக் கருதும் பகுதி இதுதான். உபுண்டு 20.04இல் இருந்தது சிஸ்டம்டி 245. அங்கிருந்து 249க்கு வருவதற்குள், அறியாத விதிகளை நெட்வொர்க்டி நடத்தும் முறை மாறியிருந்தது. டேட்டாடாக் தன் இயந்திரங்களின் பெரும்பகுதியை 22.04க்குக் கொண்டுவந்த நாளிலிருந்தே இந்த அபாயம் ஒவ்வோர் இயந்திரத்திலும் உறங்கிக் கிடந்தது. எவ்வளவு முறை இயந்திரத்தை அணைத்து எழுப்பினாலும் அது வெளிப்பட்டிருக்காது. ஏனெனில் இயந்திரம் எழும்போது நெட்வொர்க்டி முதலில் தொடங்குகிறது. அப்போது அழிப்பதற்கு எதுவும் இல்லை. சிலியம் பின்னர்தான் வந்து தன் விதிகளை எழுதுகிறது. புதிதாக உருவாக்கிய இயந்திரம், மறுபடி எழுப்பிய இயந்திரம் ஆகிய இரண்டிலும் வரிசை இதுவே. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில் நெட்வொர்க்டி மட்டும் தனியே மறுதொடக்கம் பெறும் அந்த ஒரு சூழலில்தான் வரிசை தலைகீழாகிறது.

பெரும்பாலான குழுக்கள் புதுப்பிப்பைச் சோதிக்கும் விதத்தை எண்ணிப் பாருங்கள். புதிய பதிப்புடன் ஓர் இயந்திரப் படிமத்தை உருவாக்குகிறார்கள், அதை எழுப்புகிறார்கள், சேவைகள் வேலை செய்கின்றனவா என்று பார்க்கிறார்கள். இது முறையான சோதனை. ஆனால் பின்னணி நிறுவல் உருவாக்கும் நிலையை இது ஒருபோதும் உருவாக்குவதில்லை. பின்னணி நிறுவல் பல நாள் ஓடிய, சுமை ஏறிய, பிற நிரல்கள் கெர்னலில் தம் அடையாளங்களை விட்டுவைத்த இயந்திரத்தின் மேல் நடக்கிறது. அந்நிலையில் மறுதொடக்கம் என்பது எழுப்புவதினும் வேறான செயல். இரண்டையும் தனித்தனியே சோதிக்கும் குழுக்கள் மிகக் குறைவு என்பது என் கணிப்பு.

அடுத்த கேள்வி, டேட்டாடாக்கின் ஐந்து மண்டலங்களும் எப்படி ஒன்றாக விழுந்தன என்பது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலுமாக, வெவ்வேறு கிளவுட் நிறுவனங்களின் மேல், ஒன்றின் பழுது மற்றொன்றைத் தொடாதபடி பிரித்து அமைக்கப்பட்ட மண்டலங்கள் அவை. நிறுவனம் தன் மாற்றங்களைப் படிப்படியாகவே வெளியிட்டு வந்தது. பாதுகாப்புத் திருத்தங்களுக்கும் தனக்கென ஒரு கட்டுப்பாடான வழி வைத்திருந்தது. ஆனால் இயங்குதளத்தோடு வந்த பழைய தானியங்கிப் புதுப்பிப்பு வழியும் அதன் அருகிலேயே திறந்திருந்தது. தொடர்பற்ற ஐந்து மண்டலங்களை அந்த ஆறு மணி டைமர் இணைத்துவிட்டது. உபுண்டுவில் வழக்கமான புதுப்பிப்புகள் சிறு விகிதத்தில் தொடங்கிப் பல நாட்களில் எல்லா இயந்திரங்களுக்கும் செல்லும் ஏற்பாடு உண்டு. பாதுகாப்புத் திருத்தங்கள் அவசரமானவை என்பதால் அவற்றுக்கு அந்தத் தடுப்பு கிடையாது. எனவே ஒரு திருத்தம் வெளியான மறுநாளே, அறுபது நிமிடத்துக்குள், அனைத்து இயந்திரங்களையும் அது எட்டிவிடுகிறது. ஓர் இயந்திரத்தில் கோளாறு தென்பட்டு, அதை ஒருவர் கவனித்து, மற்றவற்றை நிறுத்துவதற்கு அறுபது நிமிடம் போதாது.

ஆறு மாதங்களுக்கு முன்பும்

2022 ஆகஸ்ட் 30ஆம் தேதி, அதே போல உலகப் பொது நேரம் காலை ஆறு மணியளவில், மைக்ரோசாஃப்டின் அஷூர் கிளவுடில் உபுண்டு 18.04 இயங்கிய இயந்திரங்கள் பெயர்த் தீர்வை (இணையப் பெயரை முகவரியாக மாற்றும் திறனை) இழந்தன. அன்றும் சிஸ்டம்டிக்கான ஒரு பாதுகாப்புப் புதுப்பிப்பே பின்னணியில் நிறுவப்பட்டது. அன்றும் இயந்திரங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன, ஆனால் டிஎன்எஸ் சர்வர் எது என்பதை மறந்துபோயின. வலையமைப்பு இடைமுகத்தின் டிரைவர் பெயரைக் கொண்டு அமைவைப் பொருத்தும் வழி அங்கே கையாளப்பட்டிருந்தது. குறிப்பிட்ட நிகழ்வு வரிசையில் அந்தப் பெயர், வன்பொருள்களைக் கவனிக்கும் யூடெவின் பதிவிலிருந்து விடுபட்டுப் போனதால், மறுதொடக்கம் பெற்ற நெட்வொர்க்டிக்குத் தன் இடைமுகத்தையே அடையாளம் காண முடியவில்லை. இயந்திரத்தை அணைத்து எழுப்பியதும் சரியாயிற்று.

இரண்டு நிகழ்வுகளின் உட்காரணங்கள் வேறுவேறு. ஆனால் ஆறு மணி, பாதுகாப்புத் திருத்தம், நெட்வொர்க்டி மறுதொடக்கம், எழுப்பினால் மறையும் கோளாறு என்ற நான்கும் ஒன்றே. முதல் நிகழ்வு பரவலாகப் பேசப்பட்டது. அப்போது பலரும் எழுப்பிய கேள்வி அந்தக் குறிப்பிட்ட திருத்தத்தில் என்ன பிழை என்பதாக இருந்தது. இயங்கும் இயந்திரத்தில் இந்தச் சேவை மறுதொடக்கம் பெற்றால் நம் அமைப்பில் என்ன ஆகும் என்று ஒவ்வொரு குழுவும் தன்னையே கேட்டிருந்தால், அதற்கான விடையை ஒரே கட்டளையில் பார்த்திருக்கலாம்.

மறுதொடக்கம் நடக்காதபோது

இதைக் கண்டு தானியங்கிப் புதுப்பிப்பை முற்றிலும் அணைத்துவிடுவது சரியன்று என்று உறுதியாகச் சொல்வேன். 2014 ஏப்ரல் 7ஆம் தேதி, இணைய மறைகுறியாக்கத்துக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் ஹார்ட்ப்ளீட் குறை அறிவிக்கப்பட்டபோது, திருத்திய பதிப்பை அன்றே நிறுவிய பலர் பாதுகாப்பாகிவிட்டதாக எண்ணினார்கள். வட்டில் புதிய நூலகம் இருந்தது. ஆனால் முன்பே தொடங்கியிருந்த என்ஜின்எக்ஸ், அப்பாச்சி போன்ற இணைய சர்வர் நிரல்கள் நினைவகத்தில் பழைய நூலகத்தையே பிடித்துக்கொண்டிருந்தன. அவற்றை மறுதொடக்கம் செய்யும் வரை சர்வரின் நினைவகம் கசியக்கூடியதாகவே இருந்தது. மறுதொடக்கம் நடக்காததால் வந்த ஆபத்து அது. நடந்ததால் வந்தது டேட்டாடாக் நிகழ்வு. நிறுவுவதும் செயலுக்குக் கொண்டுவருவதும் தனித்தனியாக நடத்தப்பட வேண்டியவை என்பதை இரண்டும் எதிரெதிர்த் திசைகளிலிருந்து காட்டுகின்றன.

எப்படி அமைப்பது

டேட்டாடாக் இரண்டு திருத்தங்களை உடனே செய்தது. அந்தப் பழைய தானியங்கி வழியை மூடியது. நெட்வொர்க்டி மறுதொடக்கம் பெற்றாலும் ரூட்டிங் விதிகளைத் தொடாதபடி அதன் அமைவை மாற்றியது. இரண்டாவது மாற்றத்துக்கான வசதி நெட்வொர்க்டியின் அமைவுக் கோப்பிலேயே இருக்கிறது: 'மேனேஜ்ஃபாரின்ரூட்ஸ்', 'மேனேஜ்ஃபாரின்ரூட்டிங்பாலிசிரூல்ஸ்' என்ற இரு வரிகளை 'இல்லை' என்று வைத்தால் போதும். சிலியம், கேலிக்கோ போன்ற செருகியோடு உபுண்டு 22.04 நடத்துபவர்கள் இந்த இரு வரிகளும் தங்கள் படிமத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது.

இவ்வளவு பெரிய அமைப்பு இல்லாதவர்களும் சிலவற்றைச் செய்துகொள்ளலாம். முதலாவது, டைமரைப் பிரிப்பது. 'சிஸ்டம்சிடிஎல் எடிட்' கட்டளையால் 'ஆப்ட்-டெய்லி-அப்கிரேட்' டைமருக்கு ஒரு மேலெழுத்துக் கோப்பு உருவாக்கி, பழைய நேர வரியை வெற்றாக எழுதி நீக்கிவிட்டு, சோதனை இயந்திரங்களுக்கு ஒரு நாள், உற்பத்தி இயந்திரங்களில் பாதிக்கு அடுத்த நாள், மீதிக்கு அதற்கடுத்த நாள் என்று வைக்கலாம். வெற்று வரியை மறந்தால் புதிய நேரம் பழையதோடு சேர்ந்துகொள்ளும், ஆறு மணி ஓட்டமும் தொடரும். பலர் தவறவிடும் இடம் இது. தணிக்கைக்கு அஞ்சி எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. பெரும்பாலான திருத்தங்களுக்கு இரண்டு நாள் தாமதம் ஏற்கத்தக்கதே. ஹார்ட்ப்ளீட் போன்ற ஒன்று வந்தால், அன்று ஆள் உட்கார்ந்து கையால் செய்யத்தான் வேண்டும்.

இரண்டாவது, எந்தப் பொதிகளின் மறுதொடக்கம் இயந்திரம் முழுவதையும் பாதிக்குமோ அவற்றைத் தானியங்கி வழியிலிருந்து விலக்குவது. அனட்டெண்டட்-அப்கிரேட்ஸின் அமைவில் 'பேக்கேஜ்-பிளாக்லிஸ்ட்' என்ற பகுதி இதற்காகவே உள்ளது. சிஸ்டம்டி, கன்டெய்னர்களை இயக்கும் கன்டெய்னர்டி, டாக்கர், தரவுத்தள சர்வர் ஆகியவை அங்கே போக வேண்டியவை. விலக்கியவற்றுக்கு வேறு வழி கட்டாயம் இருக்க வேண்டும். குபெர்நெட்டிஸ் போன்ற இடங்களில் புதிய படிமத்தோடு இயந்திரத்தையே மாற்றிவிடுவது மிகவும் சுத்தமான வழி. மறுதொடக்கத்தைத் தடுக்க 'பாலிசி-ஆர்சி.டி' என்ற பழைய டெபியன் உத்தியைச் சிலர் நம்புகிறார்கள். அதன் விடையைக் கேட்டு நடக்கும் ஸ்கிரிப்டுகளை மட்டுமே அது கட்டுப்படுத்தும்; 'சிஸ்டம்சிடிஎல்' கட்டளையை நேரடியாக அழைக்கும் போஸ்ட்இன்ஸ்டை அது தடுக்காது.

ரெட் ஹேட் குடும்ப லினக்ஸ்களில் 'டிஎன்எஃப்-ஆட்டோமேட்டிக்' இதே வேலையைச் செய்கிறது. அதில் இறக்குவதோடு நிறுத்திக்கொள்வதா, நிறுவவும் செய்வதா என்பது தனி வரியாக இருப்பதால் இந்தப் பிரிவினையை அமைப்பது சற்று எளிது.

மூன்றாவது, நிறுவல் முடிந்ததும் இயந்திரத்தின் உடல்நிலையை வெளியிலிருந்து பார்ப்பது. பதிவுக் கோப்பில் 'எல்லாப் புதுப்பிப்புகளும் நிறுவப்பட்டன' என்ற வரி வந்த அதே நொடியில் இயந்திரம் வலையமைப்பில் இல்லாமல் இருக்கலாம், அந்த வரியை எடுத்துச் சொல்லவும் அதனால் முடியாமல் போகலாம். எனவே முதல் நாள் குழுவில் உள்ள இயந்திரங்கள் பதில் தருகின்றனவா என்பதை வேறோர் இயந்திரம் சரிபார்த்து, தராவிட்டால் அடுத்த நாள் குழுவின் டைமரை நிறுத்தும்படி அமைக்க வேண்டும். கண்காணிக்கும் இயந்திரம் அதே புதுப்பிப்பை அதே நாளில் பெறும் குழுவில் இருக்கக் கூடாது.

இவை அனைத்துக்கும் முன்பாக, செலவே இல்லாத ஒரு சோதனையைச் செய்துவிடலாம். உண்மையான பணிகள் ஓடும், சில நாட்களாக அணைக்கப்படாத ஒரு சோதனை இயந்திரத்தைத் தேர்ந்தெடுங்கள். 'ஐபி ரூல்', 'ஐபி ரூட்' ஆகிய கட்டளைகளின் வெளியீட்டை ஒரு கோப்பில் எடுத்து வைத்துக்கொண்டு, கிளவுட் நிறுவனத்தின் சீரியல் கன்சோல் (வலையமைப்பு அறுந்தாலும் இயங்கும் வழி) மூலம் உள்நுழைந்து, சிஸ்டம்டி-நெட்வொர்க்டியை மறுதொடக்கம் செய்யுங்கள். பிறகு அதே வெளியீட்டை மறுபடி எடுத்து 'டிஃப்' கட்டளையால் ஒப்பிடுங்கள். எஸ்எஸ்ஹெச் வழியே இதைச் செய்தால், முடிவு பாதகமாக இருக்கும்போது அதைப் பார்க்கவும் உங்களுக்கு வழி இருக்காது. நெட்வொர்க்டியில் தொடங்கி, பெயர்த் தீர்வுக்கான ரிசால்வ்டி, கன்டெய்னர்டி, டாக்கர் என்று அந்த இயந்திரம் சார்ந்திருக்கும் ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனியே இதைச் செய்து, எந்தச் சேவையின் மறுதொடக்கம் எதை இழக்கச் செய்கிறது என்ற பட்டியலை எழுதிக்கொண்டால், பிளாக்லிஸ்டில் எந்தெந்தப் பொதிகள் இருக்க வேண்டும் என்பது அந்தப் பட்டியலிலிருந்தே கிடைத்துவிடும்.